ரிஜிஸ்டர் இருக்கிறது, ஒத்துப் பார்ப்பவர் யார்?

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ ஒரு மருந்துக் கடைக்குள் எட்டிப் பாருங்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கும். தேதி, நோயாளியின் பெயர், சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, மருந்து, கொடுத்த அளவு என்று கட்டம் கட்டியிருக்கும். கடைக்காரர்கள் இதை எச்-1 ரிஜிஸ்டர் என்பார்கள். மருந்தைக் கொடுக்கும்போதே எழுத வேண்டும், எழுதியதை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், மருந்து ஆய்வாளர் கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும். 2013 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது.

மருந்துகள் திசைமாறிப் போகாமல் பார்த்துக்கொள்ள நம்மிடம் இருக்கும் ஏற்பாடுகளில் முக்கியமானது இந்த நோட்டுதான். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்ய மாநிலந்தோறும் கணினித் தரவுத்தளம் இருக்கிறது. எந்த நோயாளிக்கு, எந்த டாக்டர், எந்த நாளில், எத்தனை மாத்திரை எழுதினார் என்பது முழுவதும் அதில் ஏறும். அவர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள். அது பலித்ததா என்று விடாமல் ஆராய்ந்தும் வருகிறார்கள். அந்த ஆராய்ச்சி செட்டிநாட்டு மருந்துக் கடைகளுக்கும் நிறையச் சொல்கிறது.

முதலில் நம் நோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இதில் எந்தெந்த மருந்தை எழுத வேண்டும் என்று சொல்லும், 2013இல் வெளியான எச்-1 பட்டியலில் 46 மருந்துகள். அவற்றில் 35 கிருமிகளைக் கொல்பவை: செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள். மீதி 11தான் மூளையைப் பழக்கப்படுத்திவிடக் கூடியவை. அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம் ஆகியவை தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பவை. கோடீன், டிராமடால், பெண்டசோசின், ப்யூப்ரினார்பின் ஆகியவை அபின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆன்டிபயாடிக்குகளை இஷ்டத்துக்கு விழுங்கிக் கிருமிகளை முரடாக்கிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இந்தப் பட்டியல் பிறந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் விளைவைப் பாருங்கள்: காய்ச்சலுக்கும் சளிக்கும் கொடுத்த செஃபிக்ஸிம் வரிகள் பக்கம் பக்கமாக ஓட, நடுவே ஒரு அல்பிரசோலம் வரி ஒளிந்துகொள்கிறது. அதே பெயரில் அதே வாரம் பக்கத்துத் தெருக் கடையிலும் ஒரு வரி இருக்கலாம். இரண்டு நோட்டையும் ஒருசேர விரித்துப் பார்க்கிறவர் யாருமில்லை.

செட்டிநாடே இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடியும் கானாடுகாத்தானும் சிவகங்கையில். ராயவரமும் கோனாபட்டும் புதுக்கோட்டையில். பஸ் ஏறினால் சற்று நேரத்தில் திருமயம், வேறு மாவட்டம். ஒரே சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு ஊரிலும் காட்டி வாங்கினால், இந்த ஊர் நோட்டுக்கு அந்த ஊர் நோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த வட்டாரத்து முன்னோர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியபோது, கடல் தாண்டிய கடையை மேலாளிடம் ஒப்படைத்துவிட்டு ஊரில் நிம்மதியாக இருக்க முடிந்ததற்கு ஒரு காரணம் ஐந்தொகை. தினக் குறிப்பு, பேரேடு எல்லாம் எழுதினாலும், குறித்த காலத்தில் எல்லாக் கணக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்து மீதம் காட்டி ஊருக்கு அனுப்பியாக வேண்டும். வரவும் பற்றும் நேராகாவிட்டால் அங்கே கேள்வி எழும். எச்-1 நோட்டுக்கு அப்படி ஓர் ஐந்தொகை கிடையாது. என் குறை முழுவதும் இதுதான்.

அதே பர்மாவில் ஆங்கிலேய அரசு ஒரு பெயர்ப் பட்டியலை நம்பிக் கைசுட்டுக்கொண்டது. 1893-94 வாக்கில் கீழ்ப் பர்மாவில், ஏற்கெனவே அபின் பழக்கமுள்ள பர்மியர்கள் பெயரைப் பதிந்துகொண்டால் மட்டுமே வாங்கலாம் என்று விதித்தார்கள். பழக்கமுள்ள பலர் பட்டியலுக்குள் வரவே இல்லை. சீனருக்கும் இந்தியருக்கும் அந்தக் கெடுபிடி இல்லை. பட்டியலுக்கு வெளியே கள்ளச் சரக்கு புழங்கியது. பதிவு செய்தவரை மட்டும் பார்க்கும் கண்ணுக்குப் பதியாதவர் தெரிவதில்லை. 130 ஆண்டுகள் கழித்தும் கண்காணிப்புத் திட்டங்களின் பெரிய ஓட்டை இதுவே.

அமெரிக்காவுக்கு வருவோம். கலிஃபோர்னியா 1939லேயே தொடங்கிவிட்டது. அன்று டாக்டர் மூன்று படிகளாகச் சீட்டு எழுத, ஒன்று அரசுக்குப் போகும். 1990இல் ஓக்லஹோமா மின்னணு முறைக்கு மாறியது. கடைசியாக மிசௌரி 2021இல்தான் இதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கியது ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. தொடங்கிய மாநிலத்தையும் இன்னும் தொடங்காத மாநிலத்தையும் ஒரே காலகட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஏற்கெனவே ஏறியோ இறங்கியோ கொண்டிருந்த போக்கைக் கழித்துவிட்டு, திட்டத்தால் மட்டும் வந்த மாற்றம் எவ்வளவு என்று பிரித்தெடுக்கலாம். 'போன வருஷத்தைவிட இந்த வருஷம் குறைந்துவிட்டது' என்று சொல்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. போன வருஷத்தைவிடக் குறைந்ததற்கு வேறு நூறு காரணம் இருக்கலாம்.

தாமஸ் புக்மில்லர், கோலின் கேரி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த முறையில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் 2007 முதல் 2013 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட டாக்டர்களிடம் அபின்வகை வலி மாத்திரைக்குச் சீட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது போன்ற அளவுகோல்களை வைத்துக்கொண்டார்கள். தரவுத்தளத்தை வைத்திருந்து, பார்ப்பதும் பார்க்காததும் டாக்டரின் விருப்பம் என்று விட்டிருந்த மாநிலங்களில் எந்த மாற்றமும் இல்லை. சீட்டு எழுதுமுன் தரவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட மாநிலங்களில்தான் இந்த முறைகேடு குறைந்தது. எழுதி வைப்பது வேறு, எடுத்துப் படிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அதே 2018இல் டேவிட் ஃபிங்க் குழுவினர், அதுவரை வந்த 17 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். உயிரிழப்பு குறைந்தது என்பதற்குக் கிடைத்த சான்று பலவீனமானது. எங்கெல்லாம் குறைந்ததோ அங்கெல்லாம் காணப்பட்ட அம்சங்கள் சில: கட்டாயமாகப் பார்ப்பது, தரவை அடிக்கடி புதுப்பிப்பது, சட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துகளையும் சேர்த்துக் கண்காணிப்பது. இந்தக் கடைசி அம்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் ஊருக்கு அதுதான் உயிர்நாடி. இன்னொரு முடிவு கலங்கடிப்பது: ஹெராயினைப் பற்றிக் கணக்கெடுத்த ஆறு ஆய்வுகளில் மூன்றில், திட்டம் வந்த பிறகு ஹெராயின் மிகையளவுச் சம்பவங்கள் கூடியிருந்தன.

ஏன்? அபின்வகை மருந்து மூளையில் வலியை அடக்கும் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. தொடர்ந்து கொடுத்தால் அந்த ஏற்பிகள் மந்தமாகி, அதே ஆறுதலுக்கு அதிக அளவு கேட்கும். நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வயிறு கலங்கும், தூக்கம் போகும். பல ஆண்டு மாத்திரைக்குப் பழகியவருக்கு ஒரு நாள் திடீரென்று சீட்டு மறுத்தால் இந்த வேதனை எங்கும் போய்விடாது; அவர்தான் வேறு இடம் தேடிப் போவார். அமெரிக்காவில் 2012இல் உச்சத்தைத் தொட்ட அபின்வகைச் சீட்டுகளின் எண்ணிக்கை 25 கோடிக்கு மேல். 2020இல் சுமார் 14 கோடியாக இறங்கிவிட்டது. அதே காலத்தில் எல்லாப் போதைப்பொருள்களாலும் நேர்ந்த மிகையளவு மரணங்கள் 41,502லிருந்து 91,799 ஆக ஏறின. முதலில் ஹெராயின், பிறகு கள்ளச் சந்தை ஃபென்டனில். சீட்டை மட்டும் எண்ணியிருந்தால் அந்தத் திட்டம் மகத்தான வெற்றி. பிணங்களையும் எண்ணியதால்தான் உண்மை தெரிந்தது.

நம்மூரில் இதன் மறுபதிப்பு நடந்துவிட்டது. டிராமடால் மாத்திரை இந்தியாவெங்கும் போதைக்குப் போனதால், 2018 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன் நெருங்கிய உறவான டாபென்டடால் அப்போது அதற்குள் வரவில்லை. 2013இன் 46 மருந்துப் பட்டியலிலும் அது கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'வலி நிவாரண மாத்திரை' என்று அடிபட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த டாபென்டடால்தான். வெளிமாநில மொத்த வியாபாரிகளிடம் கூரியரில் வரவழைத்து இளைஞர்களுக்கு விற்றவர்கள் பிடிபட்ட செய்தி இல்லாத மாதமே இல்லை என்றாகிவிட்டது. பஞ்சாபில் அதற்கும் அடுத்த படியாக, நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் கேப்ஸ்யூலுக்குப் பல மாவட்ட நிர்வாகங்கள் கட்டுப்பாடு விதிக்க வேண்டி வந்தது. ஒரு பெயரை அடைத்தால் அடுத்த பெயர் வருகிறது. பட்டியலில் இல்லாததையும் கவனிக்க வேண்டும் என்று ஃபிங்க் குழு கண்டது இதனால்தான்.

டாபென்டடால் மாத்திரையை விழுங்குவதோடு நிற்பதில்லை என்பதுதான் கொடுமை. பொடித்து, தண்ணீரிலோ சலைனிலோ கரைத்து, சிரிஞ்சில் இழுத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதி, வடிவம் குலையாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டார்ச், செல்லுலோஸ், டால்க். இவை கரையாதவை. வயிற்றுக்குள் போனால் சாதாரணமாக வெளியேறிவிடும். நரம்பில் போனால் இதயத்தின் வலது பக்கம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போய், சிவப்பணு ஒன்றே நெளிந்து நுழையும் அளவுள்ள தந்துகிகளில் சிக்கிக்கொள்ளும். அங்கே தழும்பு கட்டும், மூச்சு வாங்கும், சிலருக்கு உடனே உயிர் போகும். ஊசி மாற்றிப் போட்டுக்கொள்வதால் ஹெபடைடிஸ் சி வைரஸ் தனி. கல்லூரிப் பையன்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் இதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். 'அது டாக்டர் கொடுக்கிற மாத்திரைதானே, கஞ்சாவா என்ன' என்ற அசட்டுத் துணிச்சலில்தான் பலர் தொடங்குகிறார்கள்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பில், அபின்வகையைப் பயன்படுத்துவோர் 2.26 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.1 சதவீதம். அவற்றில் ஹெராயினுக்கு அடுத்த இடம் மருந்துக் கடை மாத்திரைகளுக்கு. பழைய அபின் மூன்றாவதாகத்தான் வருகிறது.

அமெரிக்கத் திட்டத்தை அப்படியே இங்கே நட்டுவிடலாமா என்றால், கூடாது என்பேன். அங்கே மாத்திரை கசிந்தது பெரும்பாலும் டாக்டரின் மேஜையிலிருந்து. நாலு டாக்டரிடம் நாலு சீட்டு வாங்குவதைத் தடுக்க, டாக்டர் தரவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இங்கே சீட்டே இல்லாமல் மாத்திரை கைமாறுகிறது. அல்லது சில்லறைக் கடைக்கே வராமல் மொத்த வியாபாரியிடமிருந்து பெட்டியோடு திசைமாறுகிறது. பில் போடாமல் கைமாறிய அட்டையை எந்த நோயாளிக் கணக்கிலும் தேட முடியாது. அதனால் நமக்கு வேண்டிய கணக்கு வேறு: தொழிற்சாலை எந்த பேட்சில் எத்தனை அட்டை தயாரித்தது, எந்த மொத்த வியாபாரிக்கு எத்தனை போயிற்று, அவர் எந்தக் கடைக்கு எத்தனை கொடுத்தார், அந்தக் கடை எத்தனை சீட்டுக்கு விற்றது. ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் பேட்ச் எண் ஏற்கெனவே அச்சாகியே வருகிறது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் குறி இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் இருக்கிறது. அது மருந்து அசலா போலியா என்று பார்க்க வந்தது. அதையே சரக்குப் போகும் வழியை ஒத்துப் பார்க்கவும் நீட்டலாம்.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஆட்சியர்கள், இவ்வகை மருந்து விற்கும் கடைகள் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். கேமரா யார் வந்தார் என்று காட்டும்; சரக்கு எங்கே போயிற்று என்று காட்டாது. பதிவான காட்சியையும் யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

கெடுபிடி கூடும்போது இன்னொரு பக்கத்தில் விழும் அடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மார்ஃபினை வைத்திருக்கப் பல துறைகளிடம் உரிமம் வாங்க வேண்டும், கணக்குத் தவறினால் கடும் சிறை. மருத்துவமனைகளும் கடைகளும் அந்த வம்பே வேண்டாம் என்று மார்ஃபினைக் கைகழுவின. அந்த ஆண்டு நாட்டில் சுமார் 600 கிலோவாக இருந்த மருத்துவ மார்ஃபின் உபயோகம் 1997இல் 18 கிலோவுக்கு இறங்கிவிட்டது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு ஒருவர் ராத்திரி முழுக்கக் கத்துவதை வீட்டில் கேட்டவர்களுக்கு இந்த எண்ணின் அர்த்தம் தெரியும். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு போராடியதன் பலனாக 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட சில அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரே உரிமம் போதும் என்று ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. போதையைத் தடுக்கிறேன் என்று இந்தக் கதவை மறுபடி சாத்திவிட்டால் அதைவிடப் பாவம் வேறில்லை.

அமெரிக்காவிலும் அது நடந்தது. தரவுத்தளத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் ஆபத்து மதிப்பெண் போடும் மென்பொருள் வந்தது. தன் நாய்க்குக் கால்நடை மருத்துவர் எழுதிய மருந்து தன் கணக்கிலேயே ஏறியதால் மதிப்பெண் எகிறி, வலியோடு சிகிச்சை மறுக்கப்பட்ட பெண்ணின் கதை 2021இல் பத்திரிகைகளில் வந்தது. கணினி சந்தேகப்பட்டால் மனிதர் ஒருவர் விசாரித்துத் தீர்க்க வழி இருக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் ஒழுங்கான ஒரு சோதனை செய்வதென்றால் எப்படிச் செய்யலாம்? ஒன்பது தாலுகாக்கள் இருக்கின்றன. முதல் ஆறு மாதம் குலுக்கலில் விழுந்த மூன்றில் மட்டும், எச்-1இன் 11 மருந்துகளோடு டாபென்டடாலையும் ப்ரீகாபலினையும் சேர்த்து, பில்லையும் பேட்ச் எண்ணையும் ஒரே கணினிக்கு அனுப்பச் சொல்லலாம். அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் மூன்று, பிறகு மீதி. திருமயம் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் சரக்கு எல்லை தாண்டிப் போனது தெரியாது. காரைக்குடி அரசு மருத்துவமனைக்கும் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மிகையளவாலும், ஊசி போட்டுச் சீழ் பிடித்தும் வருகிறவர்களைத் தாலுகாவாரியாக எண்ண வேண்டும். ஹெபடைடிஸ் சி புதிதாகத் தெரிபவர்களை எண்ண வேண்டும். போதை மீட்புச் சிகிச்சைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று எண்ண வேண்டும். புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்க எத்தனை நாளாயிற்று என்பதையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். பிடிபட்ட மாத்திரை எத்தனை என்பது காவல்துறைக்கு வேண்டிய எண். திட்டத்தின் தரத்தை அது காட்டாது. தேடல் கூடினாலே பிடிபடுவதும் கூடும்.

சிகிச்சைக்கு இடம் வைக்காமல் கண்காணிப்பை மட்டும் தொடங்குவதற்கு நான் எதிரானவன். ஒரே பெயர் மூன்று கடையில் தெரிந்தால் அந்த ஆளைப் பிடித்துக் கொடுப்பது முதல் வேலையாக இருக்கக் கூடாது. அவருக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் கூப்பிட்டுப் பேச வேண்டும். ப்யூப்ரினார்பின் போன்ற மருந்தை மேற்பார்வையில் கொடுத்துப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை இருக்கிறது; அது உயிர் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு.

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியவை சில. தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ வாங்கினால் பேட்ச் எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காத பில்தான் இன்னொருவருக்கு வசதி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆச்சிமார், ஐயாமார் அலமாரியில் மிச்சம் கிடக்கும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பூட்டி வையுங்கள், தேவையில்லாததை டாக்டரிடம் கேட்டு ஒதுக்குங்கள். வீட்டில் யாராவது இந்த மாத்திரையில் சிக்கியிருப்பது தெரிந்தால் அடிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது.